சுவான்ஜோ போகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலணித் தொழிலில் இருப்பதால் தென்கிழக்குச் சீனாவின் ஃபூஜியன் மாகாணத்துக்கு வருஷத்துக்கு ஒரு தடவையாவது போய்வருகிறேன். வேலை ஜின்ஜியாங்கில். அது சுவான்ஜோ மாநகரத்துக்குள் அடங்கிய ஊர். இதைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் இரண்டில் ஒன்றைக் கேட்பார்: "அங்கே சாப்பாட்டுக்கு என்ன செய்வீங்க?" அல்லது "அங்கே தமிழ்க் கல்வெட்டு இருக்காமே?" இந்த இரண்டுக்கும், கூடவே வரும் மற்றவற்றுக்கும், வாய் வலிக்கச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைத்துவிட்டேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை விட்டிருக்கிறேன்.

சுவான்ஜோன்னா நம்ம ஆளுங்க சரக்கு எடுக்கப் போற குவாங்ஜோதானே?

இல்லை. குவாங்ஜோ என்பது பழைய கேண்டன், கண்காட்சிக்குப் பெயர்போன ஊர். சுவான்ஜோ அங்கிருந்து சாலை வழியாக 600 கிலோமீட்டருக்கு மேல் வடகிழக்கே, தைவானைப் பார்த்தபடி இருக்கும் கடற்கரை ஊர். விடுதி பதிவு செய்யும்போது இரண்டையும் குழப்பிக்கொண்டு, பணத்தைக் கட்டிவிட்டு என்னிடம் வந்தவர்கள் உண்டு. பெயரைச் சீன எழுத்தில் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் பத்திரம்.

சின்ன ஊர் என்றும் நினைக்க வேண்டாம். 2020 கணக்கெடுப்பின்படி மாநகர எல்லைக்குள் 87 லட்சத்துக்கு மேல் மக்கள். அதில் நீங்கள் சுற்றிப்பார்க்கப் போகும் பழைய நகரம் ஒரு மூலை, நடந்தே முடித்துவிடலாம்.

இவ்வளவு பெரிய ஊர்னா நான் ஏன் கேள்விப்பட்டதே இல்லை?

வேறு பெயரில் கேள்விப்பட்டிருக்கலாம். மார்க்கோ போலோவும் இப்னு பதூதாவும் வியந்து எழுதிய 'சைத்தூன்' துறைமுகம் இதுதான். சோங், யுவான் வம்சங்களின் காலத்தில், அதாவது 10 முதல் 14ஆம் நூற்றாண்டு வரை, உலகத்தின் பெரிய துறைமுகங்களில் ஒன்று. பிறகு ஆற்று முகத்தில் மணல் சேர்ந்தது, அரசு கடல் வாணிபத்தைக் கட்டுப்படுத்தியது, பக்கத்து ஊர்த் துறைமுகங்கள் மேலே வந்தன. பெயரும் மெல்ல மங்கியது.

சைத்தூன் என்பது 'ச்சித்தோங்' என்ற மரப் பெயரை அரபு வணிகர்கள் சொன்ன விதம். அது என்ன மரம் என்று ஒருநாள் அண்ணாந்து பார்த்தால், நம் வீட்டு வேலியில் நிற்கும் கல்யாண முருங்கை! அதே முள், அதே சிவப்புப் பூ. சாட்டின் துணியின் பெயரும் இந்த ஊர்ப் பெயரிலிருந்து போனதுதான் என்பது பரவலான கருத்து. 2021இல் யுனெஸ்கோ இங்குள்ள 22 இடங்களைச் சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் வைத்தது.

எப்படிப் போறது? சென்னையிலிருந்து நேரா விமானம் இருக்கா?

நேர் விமானம் இல்லை. சிங்கப்பூர் அல்லது கோலாலம்பூர் போய், அங்கிருந்து ஷியாமென் போவது எனக்குத் தோதான வழி. ஷியாமெனிலிருந்து அதிவேக ரயிலில் அரை மணி நேரம், கொஞ்சம் முன்பின்.

ரயில் நிலையத்தில்தான் கோட்டை விடுவார்கள். சுவான்ஜோ, சுவான்ஜோ கிழக்கு, சுவான்ஜோ தெற்கு, ஜின்ஜியாங் என்று நிலையங்கள் பல. பழைய நகரத்துக்குப் போகிறவர்கள் திசைப்பெயர் ஒட்டாத 'சுவான்ஜோ' நிலையத்துக்கு எடுப்பது நல்லது. 2023 செப்டம்பரில் திறந்த புதுப் பாதை மணிக்கு 350 கிலோமீட்டர் வேகத்துக்குக் கட்டப்பட்டது. கடலின் குறுக்கே பாலத்தில் போகிறது. காட்சி அருமை, ஆனால் கைப்பேசியை எடுத்துப் படம் பிடிப்பதற்குள் கடல் முடிந்துவிடும்.

விசா இல்லாம போகலாம்னு சொல்றாங்களே?

எந்தக் கடவுச்சீட்டு என்பதைப் பொறுத்தது. சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் உறவினர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் போகலாம். இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா கட்டாயம். இந்தியர்களுக்குச் சுற்றுலா விசா தருவதைச் சீனா 2025 ஜூலையில்தான் மறுபடி தொடங்கியது. வழிப்பயணமாக 240 மணி நேரம் தங்கலாம் என்ற சலுகைப் பட்டியலில் இந்தியா இல்லை. இதெல்லாம் அடிக்கடி மாறும், டிக்கெட் எடுக்கும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

காசு கையில கொண்டு போனா போதுமா?

வாங்கிக்கொள்வார்கள், ஆனால் சில்லறைக்கு முழிப்பார்கள். இளநீர்க்காரர் வரைக்கும் கைப்பேசிதான். கிளம்புவதற்கு முன்பே அலிபே செயலியை இறக்கி, விசா அல்லது மாஸ்டர்கார்டு அட்டையை இணைத்து, கடவுச்சீட்டைப் பதிவு செய்துவிடுங்கள். 200 யுவானுக்குள் கட்டும் தொகைக்குக் கூடுதல் கட்டணம் இல்லை, மேலே போனால் 3 சதவீதம். வங்கிக்குச் சொல்லி வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவைக்க மறக்காதீர்கள். மறந்துவிட்டு, நூடுல்ஸ் கடையில் கிண்ணத்தைக் காலி செய்த பிறகு அசடு வழிந்தவன் எழுதுகிறேன்.

வாட்ஸ்அப், கூகுள் எல்லாம் அங்கே முடக்கம். உங்கள் ஊர் சிம்மில் ரோமிங் போட்டுக்கொண்டால் வேலை செய்யும், விடுதி வைஃபையில் செய்யாது.

எத்தனை நாள் வேணும்? எந்த மாசம்?

மூன்று இரவு. இரண்டு நாள் பழைய நகரத்துக்கு, ஒரு நாள் லுவோயாங் பாலத்துக்கும் ஷுன்பு என்ற மீனவ ஊருக்கும் (இரண்டையும் பின்னால் சொல்கிறேன்). அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை வெயிலும் மழையும் தொந்தரவு செய்யாது. ஜூலை முதல் செப்டம்பர் வரை சூறாவளிக் காலம். சீனப் புத்தாண்டு விடுமுறையிலும் அக்டோபர் முதல் வாரத்திலும் போகவே போகாதீர்கள். தரையில் கால் படாமல் கூட்டமே தூக்கிக்கொண்டு போகும்.

மெட்ரோ இருக்கா? எப்படிச் சுத்திப்பார்க்கிறது?

மெட்ரோ இல்லை. பழைய நகரத்துக்குள் 'ஷியாவ்பை' என்று வெள்ளை நிறக் குட்டி மின்பேருந்துகள் ஓடுகின்றன. பெயருக்கு அர்த்தமே 'சின்ன வெள்ளை'தான். மேற்குத் தெருவை மட்டும் காலால் நடந்து பாருங்கள். எச்சரிக்கை ஒன்று: மின்ஸ்கூட்டர்கள் சத்தமே இல்லாமல் பின்னால் வரும். ஹாரன் கேட்டுப் பழகிய நம் காதுக்கு இது புதுசு.

சைவம் சாப்பிடறவங்க பட்டினிதானா?

பட்டினி இல்லை, கவனம் வேண்டும். 'வோ ச்சர் சூ' என்றால் நான் சைவம் என்று பொருள். அங்கே சைவம் என்பது பௌத்தச் சைவம், வெங்காயம் பூண்டுகூடச் சேராது. கோயில்களை ஒட்டி இப்படிப்பட்ட உணவகங்கள் உண்டு. சீன மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் உள்ளூர்க்காரர்கள் பலர் சைவம் என்பதால் கேட்டால் புரிந்துகொள்வார்கள். சாதாரணக் கடையில் 'காய் மட்டும்' என்று சொன்னால் மட்டும் நம்பிவிடாதீர்கள். பன்றிக் கொழுப்பிலோ சிப்பிச் சாற்றிலோ வதக்கியிருப்பார்கள்.

அசைவக்காரர்களுக்கு இந்த ஊர் விருந்து. சிப்பி போட்டு வார்த்த முட்டை அடை, இஞ்சி வாத்து, காலையில் நூலிழைச் சேமியாவைக் கஞ்சி பதத்தில் குழைத்துத் தரும் 'மியன்ஷியன் ஹூ'. கஞ்சிக்கு மேலே என்ன போட வேண்டும் என்று நீங்கள் கைகாட்டலாம், ஈரலிலிருந்து சிப்பி வரை தட்டு தட்டாக வைத்திருப்பார்கள். கண்ணாடி மாதிரி உறைந்த ஒரு பண்டத்தை ஆசையாக நீட்டினால், அது கடற்கரை மண்ணில் தோண்டி எடுத்த புழு என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். ருசி மோசமில்லை. தெரியாமல் தின்ற பிறகு தெரிந்தால்தான் கஷ்டம். இனிப்புக்கு, கடற்பாசியைக் காய்ச்சி உறையவைத்த 'ஷர்ஹுவா காவ்' எல்லோருக்கும் ஒத்துவரும். நம் அகர் அகரின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

சரி, அந்தத் தமிழ்க் கல்வெட்டு நிஜமா? இல்ல வாட்ஸ்அப் கதையா?

நிஜம். 1956இல் சுவான்ஜோவில் கிடைத்த கல். தமிழ் வரிகளும், கடைசியில் ஒரு வரி சீன எழுத்தும். சக ஆண்டு 1203 சித்திரை என்று காலம் போட்டிருக்கிறது, அதாவது கி.பி. 1281. குப்ளாய் கான் ஆண்ட நேரம். தவச்சக்கரவர்த்திகள் என்று பட்டம் பெற்ற சம்பந்தப் பெருமாள் என்பவர், கானுடைய ஃபர்மான்படி, அவர் திருமேனி நலம்பெற வேண்டி இறைவனை எழுந்தருளச் செய்தார் என்பது சாரம். கோயில் பெயரைத் திருக்கதலீச்சுரம் என்று படித்தவர்களும் உண்டு. கான் பெயரால் திருக்கானீச்சுரம் என்று படித்தவர்களும் உண்டு.

எனக்குப் பிடித்தது அந்த 'ஃபர்மான்'. மங்கோலிய அரசனின் ஆணையைக் குறிக்கப் பாரசீகச் சொல், அதை எழுதத் தமிழ் எழுத்து, கல் நின்ற இடம் சீனத் துறைமுகம். அந்த ஊர்க் கடைத்தெருவில் எத்தனை மொழி காதில் விழுந்திருக்கும் என்பதற்கு இந்த ஒரு சொல் போதும்.

அப்போ அந்தச் சிவன் கோயிலைப் போய்ப் பார்க்கலாமா?

முடியாது. கோயில் இல்லை. யுவான் ஆட்சியின் கடைசியில், 1357 முதல் 1366 வரை, இந்த வட்டாரத்தில் பெரிய கலகம் நடந்தது. வெளிநாட்டு வணிகர்களின் குடியிருப்பு சிதறியது. கோயில் கற்களும் கல்லறைக் கற்களும் கட்டுமானக் கல்லாகிவிட்டன. ஊர் மதில் 20ஆம் நூற்றாண்டில் இடிக்கப்பட்டபோது, அதற்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்தன. உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் வூ வென்லியாங் அவற்றைத் தேடித்தேடிச் சேர்த்துவைத்தார். அவர் இல்லையென்றால் பாதிக் கல் யார் வீட்டுப் படிக்கட்டாகவோ போயிருக்கும்.

பின்னே எதைத்தான் பார்க்கிறது?

கையுவான் கோயில். 686இல் தொடங்கிய பௌத்தக் கோயில். மல்பெரி மரத்தில் வெண்தாமரை பூத்தது, அதனால் நிலத்துக்காரர் இடத்தைத் தானம் கொடுத்தார் என்பது தலவரலாறு. எல்லோரும் வாசலில் ஊதுபத்தி ஏற்றி, இரட்டைக் கற்கோபுரங்களைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். நீங்கள் பிரதான மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு பின்புறம் போங்கள். அங்கே வரிசையாக நிற்கும் தூண்களில் இரண்டு மட்டும் வேறு சாதி.

கிட்டே போய்க் கண்ணை வையுங்கள். வட்டமும் சதுரமுமாக வெட்டிய பரப்பில் சின்னச் சின்னப் புடைப்புகள். ஒன்றில் நரசிம்மர் மடியில் இரணியனைப் போட்டுக் கிழிக்கிறார். இன்னொன்றில் உரலோடு கட்டப்பட்ட கண்ணன் இரண்டு மரங்களுக்கு நடுவே. வேறொன்றில் மரத்தின் மேல் சேலைகள். பக்கத்தில் நின்ற சீனப் பெரியவர் ஒருவர் "என்ன இது?" என்று சைகையில் கேட்டார். உரலையும் வெண்ணெயையும் சைகையில் விளக்கிப் பாருங்கள், தெரியும் பாடு. முன்பக்க மேடையின் அடிப்பாகத்திலும் மனித முகமும் சிங்க உடலுமாக எழுபதுக்கு மேற்பட்ட கற்கள் ஓடுகின்றன. யுவானுக்குப் பின் வந்த மிங் வம்சக் காலத்தில் கோயிலைச் செப்பனிட்டபோது இடிந்த கோயிலின் கற்களைக் கொண்டுவந்து பொருத்தியிருக்கிறார்கள். புத்தரைத் தாங்கும் வேலையை அவை இன்றும் பார்க்கின்றன.

அதே வளாகத்தில் இன்னொரு கூடத்தைத் தவறவிடாதீர்கள். 1974இல் சுவான்ஜோ விரிகுடாச் சேற்றிலிருந்து எடுத்த சோங் காலக் கப்பலின் அடிப்பாகம் அங்கே கிடக்கிறது. 24 மீட்டர் நீளம், உள்ளே 13 தடுப்பறைகள். ஓர் அறையில் தண்ணீர் புகுந்தாலும் மற்றவை மிதக்கும். வாசனைக் கட்டைகளும் மிளகும் அதிலிருந்து எடுத்தார்கள்.

அருங்காட்சியகத்துக்கும் போகணுமா? ஒரே மாதிரி கல்லுதானே?

போகணும். கடல்வழிப் போக்குவரத்து அருங்காட்சியகம், 1959இல் ஆரம்பித்தது. அனுமதி இலவசம், திங்கட்கிழமை விடுமுறை, கடவுச்சீட்டு கையில் இருக்கட்டும். அங்கே யானை லிங்கத்தைப் பூசிக்கும் சிற்பம் இருக்கிறது. திருவானைக்கா கதை தெரிந்தவர்களுக்கு விளக்கப் பலகை தேவைப்படாது. பசு லிங்கத்தின் மேல் பால் சொரியும் சிற்பமும் இந்த ஊரில் கிடைத்ததே. செதுக்கியவர்கள் உள்ளூர்ச் சிற்பிகள் என்று தோன்றும்: கதை நம்முடையது, மேகமும் பூவேலையும் சீனக் கைவரிசை.

சோழ ராஜா படையெடுத்துப் போய்க் கட்டினதுன்னு படிச்சேனே?

இதுதான் வாட்ஸ்அப் கதை. 1281இல் சோழ ஆட்சி முடிந்து ஓரிரு வருஷம் ஆகியிருந்தது, மதுரையில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் இருந்தான். சோழர்கள் சீனத்துக்கு அனுப்பியது தூதர்களை: 1015, 1033, 1077 ஆண்டுகளில் போனது சீனப் பதிவுகளிலேயே இருக்கிறது. குப்ளாய் கானின் தூதர்களும் நம் கரைக்கு வந்தார்கள். ஆனால் கல்வெட்டில் ராஜா பெயர் ஒன்று இருக்கிறது என்றால் அது கானுடையது, நம் ராஜாவுடையது இல்லை. முன்னே சொன்ன பதிலை இன்னொரு தடவை பாருங்கள்: 'அவர் திருமேனி நலம்பெற'. பிழைக்கப் போன ஊரில், அந்த ஊர் அரசனிடம் அனுமதி வாங்கி, அவனுக்காக வேண்டிக்கொண்டு கட்டிய கோயில். வியாபாரி செய்கிற வேலை. தொழில்காரனாக எனக்கு இதில் படையெடுப்பை விடப் பெருமை அதிகம்.

லுவோயாங் பாலம் பார்க்கப் போனா போதிதர்மர் இருந்த இடத்தையும் பார்த்துடலாமா?

இது வேறு லுவோயாங். போதிதர்மரோடு சேர்த்துச் சொல்லப்படும் ஷாவ்லின் மடம் ஹெனான் மாகாணத்தில், லுவோயாங் நகரத்துக்குப் பக்கத்தில். இங்கிருந்து வெகுதூரம். சுவான்ஜோவில் இருப்பது லுவோயாங் என்ற ஆறும் அதன் மேல் ஒரு கற்பாலமும் மட்டுமே.

பாலத்துக்காகவே போகலாம். 1053 முதல் 1059 வரை, ஆளுநர் சாய் ஷியாங் காலத்தில், ஆறு கடலில் கலக்கும் இடத்தில் கட்டினார்கள். அலையடிக்கும் இடத்தில் அடிக்கல் நகராமல் இருக்க என்ன வழி? கற்களின் மேல் சிப்பிகளை வளர்த்தார்கள். சிப்பிகள் ஒட்டிக்கொண்டு வளர வளர, கல்லோடு கல் பிடித்துக்கொண்டது. தூண்களின் முனை படகு மூக்கு மாதிரி கூர்மையாக இருக்கும், நீரோட்டத்தைப் பிளந்துவிட. தண்ணீர் வற்றும் நேரம் பார்த்துப் போனால் கீழே இறங்கி அந்தச் சிப்பிப் படலத்தைக் கண்ணால் பார்க்கலாம். பக்கத்திலேயே ஊர்ப் பெண்கள் உட்கார்ந்து சிப்பி உடைத்துக்கொண்டிருப்பார்கள்.

இந்துக் கோயில் மட்டும்தானா, வேற மதக்காரங்களும் இருந்தாங்களா?

எல்லோரும் இருந்தார்கள். தூமென் தெருவில் 1009இல் எழுந்த பள்ளிவாசல், தொழுகைக் கூடத்துக்குக் கூரை இல்லாமல், கருங்கல் சுவரும் அரபு எழுத்துமாக நிற்கிறது. கொஞ்ச தூரத்தில் போர்த் தெய்வம் குவான்தியின் கோயில், ஊதுபத்திப் புகை ஓயாது. கடல் தெய்வம் மாட்சுவுக்கு 1196இல் கட்டிய கோயில் தெற்கே. நான் வேலைக்குப் போகும் ஜின்ஜியாங்கில், மலையடிவாரத்தில் மானி என்ற பாரசீகத் தீர்க்கதரிசியின் சிலை இருக்கிறது, 1339இல் பாறையில் செதுக்கியது. அவர் தொடங்கிய மதமே உலகத்தில் அழிந்துவிட்டது. ஊர்மக்கள் அவரைப் புத்தர் என்று நினைத்துக் கும்பிட்டதால் சிலை தப்பியது.

தலை நிறையப் பூ வெச்சுக்கிட்டு நிக்கிற பொண்ணுங்க போட்டோ இந்த ஊர்தானா?

இதே ஊர்தான், ஷுன்பு என்ற மீனவக் கிராமம். கொண்டையைச் சுற்றி வட்டம் வட்டமாகப் பூச்சரம் சுற்றுவது அங்கே வழக்கம். பாட்டிகள் அப்படித்தான் மீன் விற்கப் போவார்கள். 2023 வாக்கில் இணையத்தில் பரவி, இப்போது வெளியூர்ப் பெண்கள் வாடகைக்கு உடை எடுத்துப் பூ வைத்துக்கொள்ளக் கூட்டமாக வருகிறார்கள். என் மனைவிக்கு வைத்துவிட்ட அம்மா, ஊசியைக் குத்திக் குத்திச் சரத்தை இறுக்கிய வேகம் நம் ஊர்ப் பூக்காரம்மாவை அப்படியே நினைவுபடுத்தியது. சிப்பி ஓடுகளையே செங்கல்லாக அடுக்கிய வீட்டுச் சுவர்கள் அதே ஊரில். பெரும்பாலும் அவற்றைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை, எல்லோரும் செல்ஃபியில்.

புது ஊர்னா பழசையெல்லாம் இடிச்சிருப்பாங்களே?

சீனாவின் வேறு பல ஊர்களை விட இங்கே இடித்தது குறைவு. பழைய நகரத்தில் கட்டட உயரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. அதனால் இரட்டைக் கோபுரங்கள் இன்றும் தலைதூக்கி நிற்கின்றன. கிழக்குக் கோபுரம் 48 மீட்டர், 1604இன் பெரிய நிலநடுக்கத்தையும் தாங்கியது. காசு எல்லாம் சுற்றுவட்டாரத்தில் குவிகிறது. ஜின்ஜியாங்கில் ஷூ, ஷிஷியில் துணி, நான்ஆனில் குழாய், தெஹுவாவில் பீங்கான், அன்ஷியில் தேயிலை. ஆன்டா, எக்ஸ்டெப் போன்ற விளையாட்டுக் காலணி நிறுவனங்கள் எழுந்தது இந்த மண்ணில். 2020இல் சுவான்ஜோவின் ஆண்டு உற்பத்தி ஒரு லட்சம் கோடி யுவானைத் தாண்டியது.

அதற்காக மேற்குத் தெரு அப்படியே பழைய தெரு என்று சொல்லமாட்டேன். முகப்பு பழசு, உள்ளே பாதிக் கடை காப்பியும் நினைவுப்பொருளும். இரண்டு சந்து தள்ளிப் போங்கள். சிவப்புச் செங்கல் வீடு, வளைந்த கூரை முனை, வாசலில் துவைத்த துணி, உள்ளே சீட்டாட்டம் எல்லாம் அங்கே.

மலேசியச் சித்தப்பாவுக்கு ஹொக்கியன் தெரியும், அது உதவுமா?

ரொம்பவே. மலேசியா, சிங்கப்பூரில் ஹொக்கியன் என்று சொல்வது இந்த வட்டாரத்து மின்னான் பேச்சு. அங்குள்ள ஏராளமான சீனக் குடும்பங்களின் பூர்வீகம் இது. அவர்கள் 'போப்பியா' என்று தின்பது இங்கேயும் உண்டு. வயதானவர்களிடம் 'சியா பா பே?' என்று கேட்டால் முகம் மலரும். சாப்பிட்டாச்சா என்று பொருள், நாம் வாசலில் கேட்கிற அதே கேள்வி. இளைஞர்களிடம் மாண்டரின் போதும், அதுவும் இல்லையென்றால் மொழிபெயர்ப்புச் செயலி.

ராத்திரியில என்ன பண்றது?

நான்யின் கேளுங்கள். யுனெஸ்கோ 2009இல் பட்டியலில் சேர்த்த பழைய இசை. பிபா என்ற நரம்பு வாத்தியத்தைப் படுக்கைவசமாகப் பிடித்து வாசிப்பார்கள். மெதுவான இசை. பத்து நிமிஷம் பொறுத்தால் பிடித்துப்போகும், பொறுக்க முடியாதவர்களுக்கு நூல்பொம்மலாட்டம் இருக்கிறது.

அந்தத் தூணுக்கு முன்னாடி கும்பிட்டா, விபூதி வெச்சா தப்பா நினைப்பாங்களா?

கைகூப்புவதை யாரும் தடுக்கமாட்டார்கள், அந்த ஊரே கைகூப்புகிற ஊர். தூணைத் தொடாதீர்கள், பொட்டு, விபூதி, எண்ணெய் எதையும் பூசாதீர்கள். பக்கத்துச் சேதியன் கிராமத்தில் சிறு கோயில் ஒன்றில் நம் பெண்தெய்வச் சிற்பம் ஒன்றைக் குவான்யின் என்று, அதாவது பௌத்தர்களின் கருணைத் தெய்வமாக, வழிபடுகிறார்கள். அங்கே போனால் "இது எங்கள் சாமி" என்று வாதாடப் போகவேண்டாம். தினம் பழம் வைத்து ஊதுபத்தி ஏற்றுவது அவர்கள்.

அப்பா அம்மாவுக்கு எழுபது வயசு, கூட்டிட்டுப் போகலாமா?

தாராளமாக. பழைய நகரம் சமதளம், படி குறைவு. கையுவான் கோயில் வாசற்படிகள் உயரம், கையைப் பிடித்துத் தாண்டவையுங்கள், படியை மிதிக்கக் கூடாது என்பது அங்கேயும் வழக்கம். பாலத்தின் கற்கள் நடுவே இடைவெளி உண்டு, மழைநாளில் வேண்டாம். ஊறுகாய், சாதப் பொடி, வழக்கமான மருந்தை மருத்துவர் சீட்டோடு எடுத்துக்கொள்ளுங்கள். குடிக்க எங்கு போனாலும் வெந்நீர் கிடைக்கும், நம் பெரியவர்களுக்கு அது ஒன்றே பாதி நிம்மதி.